நான் சாப்பிட்டதாகச் சொல்லப்படும் புட்டிங்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. என் மனைவி மங்கையர்க்கரசி அதைச் சொல்ல ஆரம்பிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரித்து, எங்கே தலையில் அடித்துக்கொள்ள வேண்டுமோ அங்கே அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கதை சின்னதுதான். தொண்ணூற்றொன்பதில் கம்பெனி என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. கடைசி இரண்டு மாதம் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள், மங்கை வந்தாள். எங்கள் விடுதியிலிருந்து ரயிலில் போனால் அகாஷி என்று கடலோரத்தில் ஒரு ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை, அங்கே நாங்கள் இரண்டு பேரும் புட்டிங் சாப்பிட்டோம். கண்ணாடிக் குப்பியில் வைத்துக் கொடுத்தார்கள். முதல் கரண்டியை வாயில் வைத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேனாம். 'இது என்னட்டி, பால்கோவாவ உருக்கித் திரும்ப உறைய வச்ச மாதிரி இருக்கு' என்றேனாம். குப்பியைச் சாய்த்து அடியில் கிடந்த கருஞ்சர்க்கரைப் பாகைக்கூட விடாமல் வழித்தேனாம். அதில் முட்டை இருந்தது. அன்றைக்கு நான் முட்டை தொடாதவன். 'இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்' என்று ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த நாட்டில் திரிந்தவன். மங்கைக்குத் தெரியும், பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியிலேயே அவள் ஆம்லெட்டைப் பழகியிருந்தாள். தெரிந்தும் சொல்லவில்லை. "அவுக கண்ண மூடிச் சாப்பிட்ட அழகப் பாத்தா, முட்டைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?" இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். 'சைவப் பிள்ளைய முட்டை தின்ன வச்ச மகராசி' என்று என் சித்தப்பா மகன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்வான். நானும் சிரிப்பேன். அப்படி ஒரு கடையில் நான் உட்கார்ந்ததே இல்லை என்று எனக்குத் திடமாகத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன், இதோ இப்போது மூன்றரை மணிக்குத்தான் அதைச் சோதித்துப் பார்க்கிற சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது.

ஏனென்றால் என் முன்னால் இரண்டு புட்டிங் இருக்கிறது. ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிற கடை இது, மொத்தமே ஐந்து மேஜை. மாடியில் பல் ஆஸ்பத்திரி. மேலே மங்கைக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, மூன்றாவது தடவை. போன இரண்டு தடவையும் நான் கம்பெனியில் இருந்தேன், அவள் தனியாக வந்து போனாள். இருபது வருஷமாக ஊரெல்லாம் தேடியது கடைசியில் ஒரு பல்வலியால் கிடைத்தது. எழும்பூரில் ஒரு ஹோட்டலில் கேரமல் கஸ்டர்ட் என்று சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை வெட்டி வைத்தார்கள். அண்ணா நகர் பேக்கரியில் கிடைத்ததன் பக்கவாட்டில் இட்லி போலத் துளை துளையாக இருந்தது. ஜப்பான் சாமான்கள் விற்கிற கடையில் பிளாஸ்டிக் கோப்பையில் வந்தது ஜெலட்டின் போட்டது, கரண்டி பட்டால் துள்ளியது, துள்ளக் கூடாது. ஒரகடத்தில் ஜப்பான்காரர்கள் தங்குகிற விடுதியில் ஒரு முறை சரியாக இருந்ததாம், அடுத்த தடவை போனபோது அந்தச் சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார். இங்கே ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கிற பெண், "கீழ ஒரு கடை இருக்கு மேடம், பல்லு பாத்துட்டு எல்லாரும் அங்கதான் போவாங்க, மெல்ல வேண்டியதே இல்ல" என்று அனுப்பிவைத்திருக்கிறாள். முதல் நாள் சாப்பிட்டுவிட்டு வந்து, பாதி வாய் மரத்துப்போன நிலையில், மங்கை என்னிடம் சொன்னாள்: "அதேதாங்க. அகாஷியில சாப்பிட்டோமே, அதே." சாப்பிட்டோமே. அந்த 'ஓம்' எனக்குள் ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இன்று மாடிப்படி ஏறும்போது அவளே உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்: "ரெண்டு சொல்லி வைங்க, சாயங்காலமானா தீந்துபோயிரும். நான் நாலு மணிக்கு எறங்கிருவேன்." ஒன்று எனக்கு. ஒன்று எதிரே, அவளுக்கு.

நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். அவசரப்படவில்லை. முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை ஒரு பொருளுக்குள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. அலுமினியத்தை உருக்கி அச்சில் அடித்து வண்டிகளுக்கு உறுப்பு செய்கிறோம். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே காற்று மாட்டிக்கொண்டு குண்டூசித்தலை அளவில் ஒரு பள்ளம் இருக்கும், ஒரு நாள் அந்த இடத்தில்தான் உடையும். எக்ஸ்ரேயில் போட்டுப் பார்ப்போம், சந்தேகம் வந்தால் அறுத்துப் பார்ப்போம். வெளியே நன்றாக இருக்கிறதே என்று ஒன்றையும் நான் விட்டது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், இருக்கட்டும். ஆகவே கரண்டியின் விளிம்பை மேலே வைத்தேன். அழுத்தவே இல்லை, அது தானாக உள்ளே இறங்கியது. எடுத்த இடத்தின் சுவரைப் பார்த்தேன். ஒரு துளை இல்லை. கண்ணாடிப் பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. பாலாடை நிறம், அடியில் கருப்பான பாகு, இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. வாயில் வைத்தால் முதலில் குளிர்ச்சி மட்டும்தான் தெரிகிறது, பிறகு அது கரைகிறதா நகர்கிறதா என்று சொல்ல முடியாமல் நாக்கின் இரண்டு ஓரத்திலும் பரவுகிறது, பால் வாசனை, அதற்குப் பின்னால் மிகவும் பின்னால் முட்டை, அப்புறம் இரண்டாவது கரண்டியில் பாகும் சேர்ந்து வரும்போது அந்த லேசான கசப்பு, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திய கசப்பு. "என்ன சார், குத்திக் குத்திப் பாக்கறீங்க, இன்ஸ்பெக்ஷனா?" என்றாள் கடைக்காரி. நஸீமா என்று பெயர், நாற்பது வயதிருக்கும், கல்லாவும் அவள்தான் அடுப்பும் அவள்தான். ஓட்டை இல்லாமல் எப்படி வருகிறது என்று கேட்டேன். "தண்ணி கொதிக்கவே கூடாது சார். அதான் விஷயம். கொதிச்சா புடுபுடுன்னு உள்ள குமிழி வந்துரும். மூணு தடவ வடிகட்டணும், அடில துணி போட்டு மேல குப்பிய வெக்கணும், மூடியக் கொஞ்சம் தெறந்து வெக்கணும். ஒரு ஜப்பான் அம்மா வீட்டுல சமையல் பண்ணேன், ஆறு மாசம் அவங்க என்னுத தூக்கிக் குப்பையில போட்டாங்க. மொகத்துல சிரிப்பு, கையில குப்பத்தொட்டி." நான் தலையாட்டினேன். சூடு கூடினால் ஓட்டை. எங்கள் உலையிலும் அதேதான். எனக்கு இந்தப் பெண்ணின் வேலை மிகவும் பிடித்துவிட்டது, இவளை எங்கள் வார்ப்புக்கூடத்தில் போட்டால் ஒரு வருஷத்தில் கழிவைப் பாதியாக்கிவிடுவாள். நல்லது. ஆனால் நான் சோதிக்க வந்தது அவளுடைய புட்டிங்கை இல்லை. மூன்றாவது கரண்டி. நான்காவது. நாக்கு ஒன்றையும் அடையாளம் காட்டவில்லை. இப்படி ஒன்று என் வாய்க்குள் இதற்கு முன் வந்ததில்லை. இதை நான் கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்.

அப்படியா, அவ்வளவு நிச்சயமா? போன மாதம் பெட்ரோல் பங்க்கில் கார் நம்பர் மறந்து நின்றேன். அப்பா எழுபது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடமே, 'சங்கரலிங்கம் ஆபீஸ்ல இருந்து எப்போ வருவான்?' என்று கேட்டார். நான் வந்துவிட்டேன் அப்பா என்றேன், 'நீங்க உக்காருங்க, அவன் வந்துருவான்' என்றார். எழுபதில் வந்தது என்றால் எத்தனை வயதில் தொடங்கியிருக்கும்? எனக்கு ஐம்பத்தாறு. இரண்டு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒருவருக்கு மழை முதற்கொண்டு ஞாபகம் இருக்கிறது, இன்னொருவருக்கு மேஜையே ஞாபகம் இல்லை என்றால் யாரிடம் கோளாறு? பல வருஷம் நான் வாயைத் திறக்காததற்கு இது ஒரு காரணம். 'நான் அங்கே இல்லை' என்று சொல்லி, அவள் ஒரு போட்டோவை எடுத்து நீட்டிவிட்டால்? ஆனால் போட்டோ இல்லை. ஜப்பானில் எடுத்த போட்டோக்கள் ஒரு ஆல்பம் நிறைய இருக்கின்றன, பாலத்தின் முன்னால் அவள், மீன் மார்க்கெட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள், விடுதி வாசலில் நானும் அவளும். கடை இல்லை. பிறகு இந்த நாக்கு. அப்பாவுக்குப் பெயர்கள் போயின, முகங்கள் போயின, ஆனால் ரசத்தில் பூண்டு கூடினால் கடைசி வரை கண்டுபிடித்தார். நாக்கு கடைசியாகப் போவது. வாழ்க்கையில் முதல் தடவை முட்டை சேர்ந்த ஒன்றைத் தின்றிருந்தால், முட்டை என்று தெரியாவிட்டாலும், அந்தப் பின்வாசனையை நான் பிடித்திருப்பேன். இரண்டாயிரத்து ஏழில் டைபாய்டு வந்து, டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னபோது, முதல் வாய்க்கே குமட்டி எழுந்து போனவன் நான். இப்போது தினமும் காலையில் இரண்டு வெள்ளைக்கரு. பழகிவிட்டது. ஆனால் அந்த முதல் நாள் முதல் நாள்தான், அதற்கு முன்னால் ஒன்று இல்லை. சரி, முடிந்தது. நான் மறக்கவில்லை. நான் அங்கே இல்லை. இதைச் சொல்லும்போது முதுகு நிமிர்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தால் எதிரே நாற்காலி, அதன் முன்னால் அந்த இரண்டாவது குப்பி, மேலே இன்னும் திறக்காத காகித மூடி.

நான் இல்லை என்றால் யார்? ரொம்ப காலம் நான் இந்த இடத்தில் வந்து நின்று, திரும்பிப் போய்விடுவேன். பெயர் ஒன்று இருந்தது, அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. பெஞ்சமின் துரைராஜ். நாசரேத்துக்காரன், என்னோடு பயிற்சிக்கு வந்தவன், பக்கத்து அறை. இனிப்பு என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடையை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவான், ரயிலுக்குச் சீட்டு எடுக்க மங்கைக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான், நான் இல்லை. அவனோடு போயிருந்தால் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை, அப்படியானால் கதையிலிருந்து அவனை எடுத்துவிட்டு என்னை ஏன் போட வேண்டும்? உறுப்பு உடைந்தால் ஏன் என்று ஐந்து தடவை கேட்கச் சொல்லி ஜப்பானில் பழக்கினார்கள், ஒரு ஏனுக்குப் பதில் கிடைத்தால் அந்தப் பதிலுக்கு இன்னொரு ஏன். நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன், சின்னப் பையன்கள் என் முன்னால் வேர்த்து நிற்பார்கள். வீட்டில் முதல் ஏனைக்கூடக் கேட்டதில்லை. அப்புறம் போன மாதம் கோயம்புத்தூரில் பெஞ்சமின் மகளுடைய கல்யாணம். பந்தியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், ஐஸ்கிரீம் வந்தது, மங்கை தொடங்கிவிட்டாள், அவன் முகத்துக்கு நேராகவே, மழை, கடை, கண்ணாடிக் குப்பி, நான் கண்ணை மூடியது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அவன் வாய் நிறைய ஐஸ்கிரீமோடு சிரித்தான். "மதினி, இந்தக் கதைய எத்தன தடவதான் சொல்லுவிய? ஏல சங்கரா, என்னைய விட்டுட்டு ரெண்டு பேரும் தின்னுட்டு வந்திருக்கிய பாரு. நான் அன்னைக்கு ஒசாகாவுலல்லா கெடந்தேன், சர்ச்சுல கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டான்னு போயி, அங்க போனா தமிழ் சர்வீஸே இல்ல, கொரியாக்காரன் சர்வீஸ். மூணு மணி நேரம் கொரியன் பாட்டுக்கு வாசிச்சேன்." மங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பொய் சொல்கிறவன் கொரியன் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டான். ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டியது. இருபது வருஷத்துச் சந்தேகம் ஒரு நிமிஷத்தில் கரைந்திருக்கிறது. ஆனால் ஈரோடு தாண்டியதும் பயம் வந்தது. அவன் மேல் சந்தேகம் இருந்தவரை அந்த நாற்காலியில் ஒரு ஆள் இருந்தான்.

மணி நாலே கால். மாடியிலிருந்து அந்த மிஷின் சத்தம் கேட்கிறது, அது மங்கையின் பல்லா வேறு யாருடையதா தெரியவில்லை. வரவேற்புப் பெண்ணுக்குப் போன் செய்தேன், "மேடத்துக்கு ஒரு வேர் எக்ஸ்ட்ராவா இருக்கு சார், டாக்டர் தேடிட்டு இருக்காங்க, இன்னும் நாப்பது நிமிஷம் ஆகும்" என்றாள். ஐந்து மேஜையும் நிரம்பிவிட்டது. ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வாசலில் நின்று என் எதிர் நாற்காலியைப் பார்த்தார்கள். "ஆள் வர்றாங்க" என்றேன். நான் கேட்காமலே என் குரலில் ஒரு மன்னிப்பு இருந்தது. போனைப் பார்த்தேன், வைத்தேன். என்னுடைய குப்பி காலி. காலிக் குப்பியின் முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று இதற்கு முன் கவனித்ததில்லை, கைகளுக்கு வேலை இல்லை, கரண்டியைக் குப்பிக்குள் வைக்கிறேன், எடுத்துத் தட்டில் வைக்கிறேன். எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இன்னொரு ஜோடி வந்து நின்றது. மறுபடியும் "ஆள் வர்றாங்க." நஸீமா மேஜையைத் துடைக்க வந்தவள் அந்தக் குப்பியின் மூடியைத் திறந்து பார்த்தாள். "சார், இது வெளில வந்து ரொம்ப நேரம் ஆச்சு. தண்ணி விட ஆரம்பிச்சிடும். அக்கா வந்தா புதுசு தரேன். இத நீங்களே சாப்ட்ருங்க." வேண்டாம், இருக்கட்டும் என்றேன். "என்ன சார், அக்கா அடிப்பாங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனாள். நான் அந்தக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்பரப்பில் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ஈரம். இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஆள். எதிரே நாற்காலி. வெளியே இருந்து வருகிறவர்கள் அந்த நாற்காலியைக் கேட்கிறார்கள். அகாஷியில் மங்கை எந்த மொழியில் 'ஆள் வர்றாங்க' என்று சொல்லியிருப்பாள்? அவளுக்கு ஜப்பானிய மொழியில் நான்கு வார்த்தை தெரியும், நன்றி, மன்னிக்கவும், எவ்வளவு, வேண்டாம். மன்னிக்கவும் என்றுதான் சொல்லியிருப்பாள், திரும்பத் திரும்ப.

இந்த இடத்தில் என் மனசு நழுவப் பார்க்கிறது, விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்போதுமே தெரியும். தொழிற்சாலையில் இருந்தேன். காலை ஒன்பது மணிக்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மொரீத்தா-சான் விடுதிக்குப் போன் செய்தார், அச்சு ஒன்றில் விரிசல், சனிக்கிழமை அடித்த எல்லாவற்றையும் எக்ஸ்ரேயில் போட வேண்டும், விருப்பமிருந்தால் வரலாம். விருப்பமிருந்தால். மங்கை நீலப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பித் தயாராக நின்றாள், இரண்டு மாதத்தில் அதுதான் நாங்கள் சேர்ந்து வெளியே போக இருந்த முதல் ஞாயிறு. "நீ ஸ்டேஷன் பக்கத்துல அந்தக் கடையில இரு, பெஞ்சமின் சொன்னானே, நான் ரெண்டு மணிக்கு நேரா அங்க வந்துருதேன்" என்றேன். அப்போது கையில் போன் கிடையாது. பகல் ஒரு மணிக்கு மற்ற பயிற்சிக்காரர்கள் போய்விட்டார்கள். நானும் போயிருக்கலாம். எந்தக் கதவும் பூட்டியிருக்கவில்லை. ஒன்றரை மணிக்கு நான் ஒரு படத்தில் ஒரு புள்ளியைக் காட்டினேன், மொரீத்தா-சான் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, நல்ல கண் என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னொரு படம் பார்த்தேன், இன்னொன்று, இன்னொன்று, அவர் மறுபடியும் சொல்வார் என்று. சுவரில் கடிகாரம் இருந்தது. இரண்டு ஆனதைப் பார்த்தேன். மூன்று ஆனதையும் பார்த்தேன். பஸ் பிந்திவிட்டது, மழை, வழி தெரியவில்லை என்று ஒரு காரணமும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தரைக்கு ஸ்டேஷனில் இறங்கியபோது அவள் சீட்டு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றிருந்தாள், குடையை மடக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "நானும் இப்பத்தான் இங்க வந்தேன்." அதை நான் எடுத்துக்கொண்டேன். கையில் கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி. ரயிலில் அவளிடம் அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன், நல்ல கண் என்று அவர் சொன்னதைச் சொன்னேன், அவள் "அப்படியா, பரவாயில்லையே" என்றாள், உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், அதையும் எடுத்துக்கொண்டேன்.

கதையை அவள் முதலில் சொன்னது எப்போது? அதுவும் தெரியும். மூன்று வருஷம் கழித்து, திருநெல்வேலியில், என் அக்கா வீட்டில், தீபாவளிக்கு மறுநாள். என் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஜப்பான் வரைக்கும் போயி ரூமுக்குள்ளயே கெடந்துட்டு வந்தியாக்கும்? எந்தம்பி உன்னைய எங்கயும் கூட்டிட்டுப் போகலியாட்டி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை, காது மட்டும் சூடானது. மங்கை அதிரசத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "கூட்டிட்டுப் போகாமலா மதினி? ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாக பாருங்க" என்று ஆரம்பித்தாள். பத்திரிகைக்குப் பின்னால் நான் அதைக் கேட்டேன். மழையில் நனைந்துகொண்டு சரியாக இரண்டு மணிக்கு ஒருவன் வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். முதல் கரண்டிக்குக் கண்ணை மூடினான். வழித்து வழித்துச் சாப்பிட்டான். முட்டை தின்றதே தெரியாத அப்பாவி. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இருபது வருஷமாக அவன் இடத்தில் நான் உட்கார்ந்து பந்தி பந்தியாகச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன், அவன் நான் இல்லை என்று தெரிந்துகொண்டே, தெரிந்ததை வேறு பக்கம் திருப்பி அவள் மேல் சந்தேகமாக வைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவை அவள் சொன்னபோதும் அது என்னை மாட்டிவிடுகிற கதை, சைவத்தைக் கேலி செய்கிற கதை என்று நினைத்தேன். அவள் என்னைக் கேலி செய்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இல்லை, காப்பாற்றினாள் என்பதும் எனக்குச் சௌகரியமான சொல். ஒருவேளை அவளுக்கே வேண்டியிருந்திருக்கும், அந்த நாற்காலியில் ஒரு ஆள். நஸீமா தாண்டிப் போகும்போது அந்தக் குப்பியை எடுக்கக் கை நீட்டினாள். "இருக்கட்டும்மா" என்று நானே இழுத்துக்கொண்டேன். கரண்டியைப் போட்டேன். முதலாவதின் குளிர்ச்சி இதில் இல்லை, அறையின் சூடு ஏறியிருந்தது, நீர் விட்டிருந்தது, பாகு மேலே கசிந்து வந்து கோடு கலங்கியிருந்தது. அப்படியும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. இன்னொருவருக்கு வாங்கி வைத்ததைத் தனியாக உட்கார்ந்து தின்பது, அது நன்றாக இருப்பது, நன்றாக இருக்கிறது என்று சொல்ல எதிரே ஆள் இல்லாதது.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மங்கை படியிறங்கி வந்தாள். இடது கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, வாய் ஒரு பக்கம் சரிந்து, கண்ணில் மட்டும் சிரிப்பு. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, காலிக் குப்பியையும் காலியாகிக்கொண்டிருந்த இன்னொன்றையும் பார்த்தாள். "ரெண்டயும் தின்னாச்சா?" என்றாள், மரத்துப்போன உதட்டால் எழுத்துகள் வழுக்கி விழுந்தன. "பல்லு எனக்கா உங்களுக்கா?" நஸீமா உள்ளேயிருந்தே, "அக்கா, சாருக்கு நான்தான் சொன்னேன், உங்களுக்குப் புதுசு எடுத்து வெச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, குளிர்ந்த குப்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மங்கை காகித மூடியைப் பிரித்தாள். கரண்டியை விடவில்லை, மரத்த வாயில் எப்படிச் சாப்பிடுவது என்று யோசிக்கிற மாதிரி குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அகாஷியில சாப்பிட்டோம்லா, அதேதான?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் அந்த ஆமாம் இருந்தது, இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய ஆமாம். அவளுக்கும் அது போதும், பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வார்ப்புக்கூடத்தில் ஒரு உறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற குரலில்தான் கேட்டேன், ஆனால் இந்தத் தடவை பதில் சொல்ல வேண்டியவன் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"மங்கை, அன்னைக்கு என்னோடத நீ எடுத்துச் சாப்பிடறதுக்கு முன்னால, எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்தே?"